பிரிண்டர் வாங்கப்போகிறவர்

ஒரு பொருளை வாங்குகிறவர்கள் ஒரு ரகம். வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு பேராலும் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு ஐயா, அவர்தான் 'வாங்கப்போகிறவர்'. வாங்கவும் மாட்டார், விடவும் மாட்டார். இந்த வாரம், அடுத்த வாரம், மாதம் பிறக்கட்டும், புது மாடல் வரட்டும் என்று கடை வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவிலேயே காலத்தை ஓட்டிவிடுவார். மற்ற ரகங்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நாலு பேரை ஒளிந்திருந்து கவனிக்க வேண்டும். இவரைப் பற்றி எழுத எனக்கு அந்தச் சிரமம் இல்லை, கண்ணாடி முன்னால் போய் நின்றால் போதும்.

இவருடைய முதல் லட்சணம், பொருள் சிறுத்தால் ஆராய்ச்சி பெருகும். குடியிருக்கும் வீட்டை ஒரே சாயங்காலத்தில் பார்த்து முடித்த ஆள் நான். என்ன படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது என்பதையெல்லாம் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிவு செய்திருக்கிறேன். ஆனால் எப்போதாவது ஒரு பக்கம் அச்சடிக்க, நகலெடுக்க, ஸ்கேன் பண்ண, மூன்றையும் ஒன்றாகச் செய்கிற விலை குறைந்த ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று கிளம்பினேன் பாருங்கள், பதினான்கு மாதம் ஆயிற்று.

வினையெல்லாம் அந்த 'எப்போதாவது'வில் இருந்தது. எப்போதாவது என்றால் எத்தனை? அது தெரியாமல் ஒருவன் எப்படி வாங்குவான்? ஆழம் தெரியாமல் காலை விடலாமா? ஒரு நோட்டுப் போட்டேன். வீட்டில் யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை பக்கம் தேவைப்பட்டது, கறுப்பா வண்ணமா என்று ஒரு வருஷம் விடாமல் எழுதினேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்ட ஒரு தவளையின் படம், வண்ணம், ஒரு பக்கம். எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவு, கறுப்பு, இரண்டு பக்கம். கூட்டி வகுத்துப் பார்த்ததில் மாதத்துக்கு இரண்டேகால் பக்கம் வந்தது. அந்தக் கால் பக்கத்தில் என்ன இருக்கும் என்று என் மனைவி கேட்டாள். சராசரி என்றால் என்ன என்று அவளுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

பிறகு ஒவ்வொரு வகையாக எடுத்து நொட்டை சொல்ல ஆரம்பித்தேன். பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்த்தால் மை விலை மிரட்டியது; சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சரி, மையைப் புட்டியிலிருந்து ஊற்றிக்கொள்கிற வகை வாங்கலாம் என்றால், அடிக்கடி ஓடாவிட்டால் மை காய்ந்து வாய் அடைத்துக்கொள்ளுமாம். அப்படியானால் எங்கள் இரண்டேகால் பக்கத்துக்கு அது சரிப்படாது, அதைப் பிழைக்க வைக்கவே வாரம் ஒரு தவளை அடிக்க வேண்டும். லேசர் காயாது, ஆனால் அந்த விலைக்கு வருவதில் தவளை கறுப்பாகத்தான் வரும். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். பிரிண்டரும் இல்லை.

வாங்கியவர்களின் அபிப்பிராயங்களையும் விடவில்லை. 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிய ஆயிரம் பேரை நான் சீந்தவே மாட்டேன். 'இரண்டே நாளில் நின்றுவிட்டது' என்று எங்கோ ஒரு மனிதர் வயிறெரிந்து எழுதியிருந்தால் போதும், அவர்தான் எனக்குக் கூடப்பிறந்தவர். இப்படிப்பட்டவற்றைத் திரையில் படித்தால் கண் வலிக்கிறதென்று, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் தாளில் எடுத்துக்கொண்டேன். இருநூற்றுப் பதினாறு பக்கம். எங்கள் சராசரிப்படி அது எட்டு வருஷத்துச் சரக்கு. கடைக்காரர் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, நான் தயவுசெய்து பிரிண்டர் வாங்கிவிடக் கூடாது, அவருடைய பிழைப்பே போய்விடும் என்று கேட்டுக்கொண்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த இனத்தின் பரம வைரி யார் தெரியுமா? யோசிக்காமல் வாங்கி நன்றாக இருப்பவன். என் மைத்துனன் பல்பு வாங்கப் போன இடத்தில் பிரிண்டரும் வாங்கி வந்தவன். நாலு வருஷமாக ஓடுகிறது. என்ன மாடல் என்று கேட்டால் "வெள்ளை கலர் மாமா" என்கிறான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். இனிமேல் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மகள் பிறந்தபோது நூலக வேலையை விட்டவள் என் மனைவி. ஒன்பது வருஷம் கழித்து, அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் நூலகருக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. ஒரு பக்க விண்ணப்பம். அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமையே பூர்த்தி செய்துவிட்டு, ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். தடுத்தது யார்? நானேதான். நம் வீட்டுக்கே பிரிண்டர் வரப்போகிறது, உன் விண்ணப்பம்தான் அதில் முதல் பக்கம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. செவ்வாய், நாளைக்கு என்றேன். புதன், நாளைக்கு என்றேன். வியாழக்கிழமை அவள் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஒரு மணிக்கே கடைக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிவிட்டேன் ஐயா, சத்தியமாகத் தூக்கிவிட்டேன். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு வழுக்கைத் தலைக்காரர் மெல்லிய குரலில், "அதுல பேப்பர் பின்னாடிதான் வைக்கணும், தூசி அடையும், பார்த்தீங்களா?" என்றார். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அவர் எட்டு மாதமாக வந்துபோகிறவராம். இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது. அவர் தூசி பற்றிச் சொல்ல, நான் மை காய்வது பற்றிச் சொல்ல, இருபுறமும் தானாக அச்சடிக்கும் வசதி ஒரு வீட்டுக்கு அவசியமா இல்லையா என்பதில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து நின்று வாதாடினோம். விற்பனைப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள். சந்தேகம் தீரவில்லை, வீட்டுக்கு போன் போட்டு, இருபுறமும் அச்செடுக்கிற தேவை உனக்கு வருமா என்று மனைவியைக் கேட்டேன்.

"எனக்கு ஒரு பக்கம் போதுங்க," என்றாள். "இன்னிக்கு வேணும்."

நாலே முக்காலுக்கு வீடு வந்தேன். கையில் ஐந்து விளம்பரத் தாள்களும் வழுக்கைத் தலைக்காரரின் போன் நம்பரும் இருந்தன. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டி இல்லாத கையைப் பார்த்தாள், தெருமுனைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஜெராக்ஸ் கடைக் கதவில் 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற அட்டை தொங்கியது. எந்த ஐந்து நிமிடம் என்று அதில் போடவில்லை. அவர் வந்து, அச்சடித்து, அவள் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் ஆகி, விண்ணப்பம் போனபோது மணி ஐந்து பதினெட்டு. திங்கட்கிழமை பதில் வந்தது. நேரம் கடந்து வந்ததால் ஏற்பதற்கில்லை.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து, "உண்மையைச் சொல்லுங்க. நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தாலாவது ஒரு வில்லனுக்குரிய மரியாதை மிஞ்சியிருக்கும். "சத்தியமா அப்படி இல்லம்மா. பேப்பர் பின்னாடி வைக்கிறதா, முன்னாடி வைக்கிறதான்னுதான்..." என்று இழுத்தேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கெட்டவனோடு வாழ்வதற்கு வழி இருக்கிறது, இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்தப் பார்வை கேட்டது. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மறுநாள் காலை அவள் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய், வீட்டுக்கு எதை வாங்கலாம் என்று கேட்டாளாம். அவர் ஒன்றைச் சொன்னார். போய் வாங்கி வந்துவிட்டாள். கேட்டதிலிருந்து பெட்டியைப் பிரித்தது வரை ஒன்றரை மணி நேரம். வேறொரு நூலகத்தின் விண்ணப்பம் அதிலிருந்து பளிச்சென்று வெளியே வந்தது. அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்கள்? பக்கத்து அறையில் உட்கார்ந்து, அந்த மாடலைப் பற்றி யாராவது குறை எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் இப்போது உங்கள் நாக்கு நுனியில் ஒரு கேள்வி துறுதுறுக்கிறதே, அவள் வாங்கியது என்ன மாடல் என்று? நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வீர்கள். எழுந்து உள்ளே போங்கள். 'நாளைக்கு' என்று நீங்கள் சொன்னதை நம்பி அங்கே ஒருவர் காத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.