நடுக்கூடத்தில் ஒரு குழாய்

கட்டட வேலையையும் கதை எழுதுவதையும் அரைகுறையாகவே அறிந்தவன், இரண்டையும் ஒருசேரத் தொடத் துணிந்துவிட்டேன். பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கான்கிரீட் தளம் இறுகிய மூன்றாம் நாள், கூடம் வரவேண்டிய இடத்தின் நட்டநடுவே ஒரு குழாய் இடுப்பு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. வீட்டுக்காரரான தலைமை எழுத்தர் அதைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார். குழாய் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"மேஸ்திரி, இது என்ன?"

"குழாய் சார்."

"அது தெரியுது. இங்க ஏன் நிக்குது?"

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். 'குழாய்கள் அனைத்தும் வரைபடப்படி நேரில் சரிபார்க்கப்பட்டன. கான்கிரீட் போடலாம்.' அதன் கீழே தலைமை எழுத்தரின் கையெழுத்து, தேதியுடன்.

"உங்க கையெழுத்து இல்லாம ஒரு சட்டி கலவை விழக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

முப்பத்தோர் ஆண்டுகளாக எந்தக் கோப்பையும் பிரித்துப் பாராமல் 'பார்வையிட்டேன்' என்று எழுதிப் பழகிய கை அது. அன்றும் குடைநிழலில் நின்றபடியே எழுதிவிட்டது. குழாய் பதித்தவரோ வேறூருக்கு வேலைக்குப் போயிருந்தார். தொலைபேசியில் கேட்கலாம். கேட்டால், பாராமல் கையெழுத்திட்ட விவரம் அம்பலமாகிவிடும்.

தலைமை எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் சொல்லித்தான் வச்சாங்க. இது கழிப்பறைக் குழாய்."

"கூடத்துலயா?"

"கூடத்தை மாத்திக்கலாம்."

மாலையில் மனைவியின் முன் வரைபடம் விரிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் இருட்டு வாடகை வீட்டில் துணி தைத்தவர் அந்த அம்மையார். புது வீட்டில் அவர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: தையல் இயந்திரத்துக்கு எதிரே ஒரு ஜன்னல்.

"ஏங்க, அந்தக் குழாயை அறுத்துட்டு மேல பூசிட்டா என்ன?"

"அப்புறம் கழிவு எங்க போகும்? நம்ம தலையிலயா?"

"தளத்தைக் கொஞ்சம் உடைச்சு..."

"உடைச்சா வீடே விரிசல் விட்டுடும்."

"யார் சொன்னது?"

"இது பொதுஅறிவு."

பொதுஅறிவின்படி வேலை தொடங்கியது.

"வீட்டு நடுவுல கழிப்பறை வச்சா காத்துக்கு என்ன சார் வழி?" என்றார் மேஸ்திரி.

"ஒரு சந்து விடுங்க."

சந்து ஒரு படுக்கையறையை விழுங்கியது.

"இப்ப கூடம் எங்க சார் போகும்?"

"பின்பக்கம்."

"அப்ப வாசல்?"

"கூடம் இருக்கிற இடத்துலதான் வாசலும் இருக்கும். இதெல்லாமா கேப்பாங்க?"

"பின்னால பக்கத்து வீட்டு மதில் சார். ஆளு பக்கவாட்டுலதான் நுழையணும்."

"நம்ம வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் ஒல்லி."

"உங்க மச்சான்?"

"அது ஒரு வசதி."

சமையலறை, பழைய வரைபடத்தில் கழிப்பறை இருந்த பின்மூலைக்குக் குடிபெயர்ந்தது. எல்லாம் போக எஞ்சிய இடம், நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு பெட்டி. அதுதான் தையல் அறை என்றார் தலைமை எழுத்தர்.

"என் ஜன்னல்?"

"நல்ல விளக்கா போட்டுக்கலாம்."

"விளக்கு இப்பவும்தான் இருக்கு. அதுக்கு ஒரு வீடு கட்டணுமா?"

இனி உண்மையைச் சொல்லலாம் என்று தலைமை எழுத்தர் வாயெடுத்தபோது கூரையும் போட்டாகிவிட்டது. எனவே அதை விழுங்கிக்கொண்டார்.

கடைசியாக, கழிப்பறைப் பீங்கானைப் பொருத்துவதற்குக் வேறூர் போயிருந்த குழாய்க்காரர் வந்து சேர்ந்தார். பக்கவாட்டில் நுழைந்தார். கூடத்தைத் தேடினார். சமையலறையை எட்டிப் பார்த்தார். பிறகு கழிப்பறைக் கதவருகே நின்று, நடுவிலிருந்த குழாயை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? மாட்டுங்க," என்றார் தலைமை எழுத்தர். அவர் குரல் சற்று மெலிந்திருந்தது. பின்னால் மனைவி வந்து நின்றிருந்தார்.

"எதுல சார் மாட்டறது? நெசக் குழாயெல்லாம் பின்மூலையில தரையோட தரையா மூடி போட்டு வச்சிருந்தேன், அது மேல அடுப்புமேடை கட்டிட்டீங்க. இது, நாய் இழுத்துட்டுப் போகக்கூடாதேன்னு என் சாப்பாட்டுத் தூக்கை மாட்ட நட்டு வச்ச துண்டு, கீழ வெறும் மண்ணு!"

இழந்தவை: ஒரு கூடம், ஒரு படுக்கையறை, தெருவைப் பார்த்த வாசல், ஒரு ஜன்னல்.