இளைஞர்கள் கூடக் கூடாது

வரைபடம் வரைந்தவர்கள் மறந்துபோன நாடுகளில் செங்கழனி நாடும் ஒன்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் அதை மறக்கத்தான் விரும்புவார்கள். அங்கே பெருநிழலார் என்ற மன்னர் ஆண்டுவந்தார். மன்னர் என்றாலும் முறைப்படி வந்தவர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. பெருநிழலார் வேண்டுமா, பெருநிழலாரே வேண்டுமா என்று மக்களிடம் கேட்பார்கள். மக்களும் வரிசையில் நின்று, நன்றாக யோசித்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த நாட்டின் கிழக்குக் கோடியில் படுகையூர் இருந்தது. பக்கத்தில் ஓடும் குமிழியாற்றைவிடத் தாழ்ந்த ஊர். ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மண்கரை. ஐப்பசி பிறந்தால் ஊரில் எல்லார் கண்ணும் அந்தக் கரையின் மேலேயே இருக்கும்.

ஆவுடையாளுக்கு வயது இருபத்து நான்கு. அரிசி ஆலையில் சாக்குத் தைப்பவள். மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் அப்பாவைப் பறிகொடுத்து, உடலைத் தேடி மூன்று நாள் சேற்றில் அலைந்தவள். அந்தச் சேறு காய்வதற்குள் அவள் ஆரம்பித்ததுதான் வெள்ளக் காவல் மன்றம். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, தலைவர் நாற்காலி கிடையாது. இளவட்டங்கள் பன்னிரண்டு பேர் வெள்ளிக்கிழமை மாலைகளில் பள்ளிக்கூட வராந்தாவில் கூடுவார்கள். தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டுவது எப்படி, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது, குழந்தையை முதுகோடு சேர்த்து எந்த முடிச்சில் கட்டுவது என்று பழகுவார்கள். ஆவுடையாள் விசிலை ஒருமுறை ஊதினால் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். இரண்டுமுறை ஊதினால் எல்லாரும் வீட்டுக்கூரை ஏற வேண்டும். போன வருடம் வெள்ளம் வந்தது, இரண்டாம் ஊதல் தேவைப்படும் முன்பே பன்னிரண்டு பேரும் முடியாதவர்களைத் தூக்கி வந்துவிட்டார்கள். படுகையூரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அதைப் பார்த்துவிட்டு இந்த ஆடி மாதம் புதிதாக முப்பது பேர் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் கரையடித் தெருக்காரர்கள். கரைக்கு நேர் கீழே இருக்கும் தெரு அது, முப்பத்தெட்டு வீடு. ஆவுடையாளின் அக்கா பவளக்கொடியைக் கட்டிக்கொடுத்ததும் அந்தத் தெருவில்தான். பவளக்கொடிக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. இந்த முப்பது பேரையும் ஐப்பசிக்குள் தேற்றிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆவுடையாளுக்கு அப்போது கவலை.

முதல் வெள்ளிக்கிழமை முடிச்சுப் போடப் பழகினார்கள். கிளம்பும் நேரத்தில், புதிதாக வந்தவர்களில் ஒருத்தியான முத்திருளி ஒரு கேள்வி கேட்டாள். கேட்காமல் இருக்கத் தெரியாத பெண் அவள்.

"ஏன்க்கா, அரண்மனைப் பக்கம் கரையைக் கல்லுல கட்டியிருக்காங்க. நமக்கு மட்டும் ஏன் இன்னும் மண்ணாவே கெடக்கு?"

எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கேள்வி மட்டும் வீட்டுக்குப் போகாமல் தலைநகருக்குப் போய்விட்டது.

தலைநகரில் அவை கூடியது. கூடுகைத் துறை அமைச்சர் எழுந்து, மன்னரை மூன்று திசையிலிருந்தும் வணங்கிவிட்டுப் பேசினார்.

"இளைஞர்கள் இந்த நாட்டின் கண்மணிகள். கண்மணியைக் கண்ட இடத்தில் உருட்டி விடலாமா? பள்ளி வராந்தாவில் தூண் விழலாம். சந்தையில் மாடு முட்டலாம். ஆற்றங்கரையில் வழுக்கலாம். நம் இளைஞர் மன்றங்களுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்று மாமன்னர் இரவெல்லாம் உறங்கவில்லை."

அந்த நேரம் பெருநிழலார் அரியணையில் உறங்கிக்கொண்டிருந்தார். எனவே அவையினர் கைதட்டாமல், தலையை மட்டும் பலமாக ஆட்டித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்.

மறுவாரம் படுகையூரில் முரசு ஒலித்தது. "பள்ளியில், கோயிலில், சந்தையில், ஆற்றங்கரையில், இவற்றுக்கு முந்நூறு தப்படி தூரத்துக்குள் இளைஞர்கள் கூடக் கூடாது!"

எழுத்தில் பார்த்தால் தெளிவான வாசகம்தான். ஆனால் முரசுக்கு எழுத்து ஏது? தெருவில் நின்று கேட்ட பெரியவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இளைஞர்கள்கூடக் கூடாதா? ஓடியாடித் திரிகிற அவர்களுக்கே கூடாது என்றால் நமக்கு மட்டும் கூடுமா? அன்று மாலையே டீக்கடை பெஞ்சு காலியானது. குழாயடியில் பெண்கள் ஒருவர் போன பிறகு ஒருவராக வந்து குடத்தை நிரப்பினார்கள். பஜனை மடத்தில் ஒருவர் பாட, மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே தாளம் போட்டார்கள்.

ஊரை ஆய்வு செய்ய வந்த கூடுகை ஆய்வாளர் அம்பலத்தரசர் இதைக் கண்டு அசந்துபோனார். சட்டம் போட்டதைவிட ஊர் நன்றாகவே கீழ்ப்படிகிறதே! ஜனங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவருடைய எழுத்தர் சொன்னபோது, "நல்ல புரிதலைக் கெடுக்காதே" என்று அடக்கிவிட்டார்.

ஆவுடையாள் அவரைத் தேடிப் போனாள்.

"ஐயா, வெள்ளத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. முப்பது பேருக்கு ஒண்ணும் தெரியாது. நாங்க எங்கதான் கூடலாம்னு சொல்லுங்க."

"அம்மா, எங்கே கூடக் கூடாது என்பதைச் சொல்வதே சட்டத்தின் கடமை. எங்கே கூடலாம் என்பது உங்கள் சுதந்திரம். அதில் அரசு தலையிடாது."

"ஊரே ஆயிரம் தப்படிதான்யா. எல்லாத்துக்கும் முந்நூறு தள்ளிப் போனா என்ன மிச்சம்?"

"மிச்சத்தைக் கண்டுபிடிப்பதுதான் இளைஞர்களின் ஆற்றல்" என்று சொல்லி அவர் இனிப்பு கொடுத்தார்.

அவள் கோபத்தை வாயோடு மென்று விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆனாலும் விடவில்லை. நூல்கண்டை எடுத்துக்கொண்டு ஊரை அளந்தாள். இரண்டு நாள் அளந்ததில் ஒரே ஓர் இடம் தப்பியது. ஊர் எல்லையில், எலிகூடக் கைவிட்ட ஒரு பழைய மிளகாய்க் கிடங்கு. முப்பது பேரும் தும்மித் தும்மி அதைக் கூட்டிப் பெருக்கினார்கள். விண்ணப்பம் போட்டு, முத்திரை வாங்கி, ஆவணி கடைசி வெள்ளியன்று ஆசையாகப் போய் உட்கார்ந்தார்கள்.

கயிற்றை அவிழ்ப்பதற்குள் அம்பலத்தரசர் வாசலில் நின்றார்.

"இங்கே கூடக் கூடாது."

"ஏன்யா? இதோ நீங்க போட்ட முத்திரை."

"முத்திரை சரியானது. ஆனால் புதிய திருத்தம் வந்திருக்கிறது. இளைஞர்கள் வழக்கமாகக் கூடும் இடத்துக்கு முந்நூறு தப்படிக்குள் இளைஞர் மன்றங்கள் கூடக் கூடாது. நெரிசல் ஏற்படும் அல்லவா? நான் பார்க்கிறேன், இந்தக் கிடங்கில் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள்."

"அது நாங்கதானே!"

"யாராக இருந்தால் என்ன அம்மா? இளைஞர்கள் இளைஞர்கள்தான்."

முத்திருளி வாயைத் திறந்தாள். ஆவுடையாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பெண்ணின் ஒரு கேள்விக்கே ஊர் இந்தப் பாடு படுகிறது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கு உடனே வெட்கப்பட்டாள்.

அன்று அவள் அழுதேவிட்டாள். ஆய்வாளருக்கும் மனம் இளகியது. அவரும் மனிதர்தானே. தலைநகருக்கு எழுதி, படுகையூருக்கென்று ஒரு சிறப்புச் சலுகையை வாங்கித் தந்தார். அதன்படி வெள்ளக் காவல் மன்றம் கிடங்கில் தாராளமாகக் கூட்டம் நடத்திக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.

சிரிக்காதீர்கள். அவர்கள் நடத்தினார்கள். வேறு வழி? புரட்டாசி முழுக்க ஒருவர் பின் ஒருவராகக் கிடங்குக்குள் போய், ஒரு நாழிகை தனியாகக் கூடிவிட்டு வந்தார்கள். சொல்லித்தர ஆள் உள்ளே இருக்க முடியாது என்பதால் ஆவுடையாள் எல்லாவற்றையும் கரித்துண்டால் சுவரில் எழுதிவைத்தாள். கிழவர்கள் முன்னால், குழந்தைகள் முதுகில். ஓடக் கூடாது, வரிசையாகப் போக வேண்டும். ஒரு ஊதல்: தண்ணீர் ஏறுகிறது. இரண்டு ஊதல்: எல்லாரும் மேலே ஏறு.

எழுதியவளுக்கு அது போதுமானதாகத்தான் பட்டது. அவள் ஆலைத் தெருவில் பிறந்தவள். அங்கே 'மேலே' என்றால் கூரை. கரையடித் தெருவில் பிறந்தவர்களுக்கோ, விவரம் தெரிந்த நாள் முதல் 'மேலே' என்றால் கரைதான். மேலே ஆடு மேய்கிறது, மேலே வேட்டி காய்கிறது, மேலே போய்க் காற்று வாங்கிவிட்டு வா. முப்பது பேரும் சுவரைப் படித்தார்கள். முப்பது பேருக்கும் நன்றாகப் புரிந்தது. ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை. குழாயடியும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், முத்திருளி ஒருத்தியின் வாயே போதும், அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

ஐப்பசி ஏழாம் தேதி, நல்ல பகல் நேரத்தில் ஆறு பொங்கியது.

ஆவுடையாள் ஆலைக் கூரையில் ஏறி நின்று விசிலை இரண்டுமுறை ஊதினாள். மழைத்திரைக்குள்ளும் அவளுக்கு ஊர் தெரிந்தது. ஆலைத் தெரு கூரை ஏறியது. கோயில் தெரு கூரை ஏறியது. கரையடித் தெரு வீட்டை விட்டு வெளியே வந்தது. கிழவர்கள் முன்னால், குழந்தைகள் முதுகில், ஓடாமல், வரிசையாக. எழுதிவைத்ததில் ஒன்றுகூடப் பிசகாமல், அவர்கள் கரையை நோக்கி நடந்தார்கள்.

அவள் கூரை விளிம்புக்கு ஓடினாள். "அங்க போகாதீங்க! கூரைக்குப் போங்க!" என்று கத்தினாள். மழை அதைத் தின்றுவிட்டது. முத்திருளி வரிசைக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தாள். முதுகில் பவளக்கொடியின் குழந்தை. பவளக்கொடி அவளுக்கு முன்னால், மாமியாரைத் தாங்கிக்கொண்டு. ஆவுடையாளிடம் இருந்தது விசில் ஒன்றுதான். அவர்களைத் திருப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் மறுபடியும் ஊதினாள். இரண்டுமுறை. வரிசை நின்று அவள் பக்கம் பார்த்தது. யாரோ கையை உயர்த்தி, புரிகிறது என்று காட்டினார்கள். பிறகு இன்னும் வேகமாக ஏறினார்கள். அவள் ஊத ஊத அவர்கள் வேகமாக ஏறினார்கள்.

எல்லாரும் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கரை உடைந்தது.

ஆறு வடிய நான்கு நாள் ஆயிற்று. மறுநாளே முத்திருளியை ஒரு புளியமரத்துக் கிளையிலிருந்து இறக்கியிருந்தார்கள். குழந்தை அவள் முதுகிலேயே இருந்தது, உயிரோடு. பவளக்கொடியின் உடல் ஐந்தாம் நாள் கிடைத்தது. தங்கை இந்தமுறை மூன்று நாள் அலையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைநகர் பதறியது. பெருநிழலார் கண்கலங்கினார் என்று அறிவித்தார்கள். உடனடி நிவாரணமாக ஒரு கருணை ஆணை புறப்பட்டது. ஆறாம் நாள் முரசு ஒலித்தது: "மாமன்னரின் பேரிரக்கத்தால், இன்று முதல் துக்க வீடுகளில் முன் அனுமதியின்றிக் கூடலாம்!"

சலுகையை யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்று அம்பலத்தரசர் ஏட்டைத் தூக்கிக்கொண்டு கரையடித் தெருவுக்கு நேரில் வந்தார். எது துக்க வீடு, எது இல்லை என்று பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்குப் போனார். முப்பத்தெட்டு வீடும் ஏறி இறங்கினார். கடைசியில் பவளக்கொடி வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது அவர் வேலை முடிந்திருந்தது. அந்தத் தெருவில் கூடக் கூடாத வீடு ஒன்றுகூட இல்லை.

உள்ளே ஊர் கூடியிருந்தது. கிழவர்களும் இளைஞர்களும் பெண்களும் மூன்று மாதத்துக்குப் பிறகு தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். மன்றத்தின் பழைய ஆட்கள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். புதியவர்களில் எஞ்சியவர்கள் ஏழு பேர். நடுவில் ஆவுடையாள், மடியில் குழந்தையோடு.

முத்திருளி நகர்ந்து அவளருகில் வந்தாள். முகமெல்லாம் கீறல். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, மேலேன்னா எது? கூரையா?"

ஆவுடையாள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"சொவத்துக்கிட்ட கேக்கவா முடியும்?" என்று சொல்லிவிட்டு முத்திருளி முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஏழு பேரும் சுவரில் 'மேலே' என்றதைக் கரை என்றே படித்திருந்தார்கள் என்று அப்போதுதான் ஒருவருக்கொருவர் தெரிந்துகொண்டார்கள்.

வாசலில் நின்ற ஆய்வாளர் ஈரம் படாமல் ஏட்டை உயர்த்திப் பிடித்து அன்றைய அறிக்கையை எழுதினார். "கரையடித் தெரு. முப்பத்தெட்டு இடங்களில் கூட்டம் நடக்கிறது. எல்லா வயதினரும் கலந்துகொண்டனர். அனைத்தும் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களே."