நான் வரைந்த வீட்டில் பதினோராம் நாள்

ஹூஸ்டன்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மிகுந்த மார்லீன் அக்காவுக்கு, தம்பி டுவைட் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. லபக் ஊரில் நீயும் அத்தானுமாவது நலமாக இருங்கள்.

விண்வெளியில் நான்கு பேர் இரண்டு வருஷம் குடியிருக்க ஒரு வீடு வரைந்தேன் அல்லவா, அதைப் பலகையால் அச்சு அசலாகக் கட்டி, ஒரு கிடங்குக்குள் வைத்து, நாற்பது நாள் ஆட்களை அடைத்துப் பார்க்கிறார்கள். நாலாவது ஆளுக்குக் கால் முறிந்துவிட்டது. "வரைஞ்சவரே போகட்டுமே" என்றார் மேலாளர். போனேன். மருத்துவர் யோலண்டா, பொறியாளர் கெல்வின், கீரை வளர்க்கும் பெர்னிஸ், நடுவில் நான். இடம் மிச்சம் பிடிக்கச் சாப்பாட்டு மேசையை இருவருக்கு மட்டும் போட்டதும் நான்தான், குழாய் மிச்சமாகட்டும் என்று அதை ஒட்டியே கழிவறையை வைத்ததும் நான்தான். யோலண்டா பீன்ஸை வாயருகே கொண்டுபோனால் சுவருக்கு அந்தப் பக்கம் கெல்வின் முக்குகிறான். அவள் கரண்டியை வைத்துவிட்டு, "யாருங்க இதை வரைஞ்சது? கூட உக்காந்து சாப்பிட ஆளே இல்லாத மனுஷனா?" என்றாள். நான்தான் என்றேன். "தெரியும். அதான் கேட்டேன்."

படுக்கையில் நிமிர்ந்தால் தலை இடிக்கிறது, நடந்தால் எட்டே எட்டு, ஒன்பதாவது எட்டில் யாராவது நிற்கிறார்கள், ஆனாலும் உட்கார முடியாமல் நடக்கிறேன். நேற்று கெல்வின், "இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தீங்க, கால்ல மணி கட்டிவிட்டுருவேன்" என்றான். நானும் பதிலுக்குக் கத்த, மூவரும் என்னோடு பேச்சை விட்டுவிட்டார்கள். என் மனைவி கோரின் அப்போதே சொன்னாள், "நீங்க அளவெடுத்தது சாமானுக்கு, மனுஷனுக்கில்ல"ன்னு. நான்தான் கேக்கல அக்கா. இனி நான் கையெழுத்துப் போட்டால் நிஜ வீட்டுக்கு இரும்பு வெட்டுவார்கள். போடவும் மனமில்லை, மூன்று வருஷ உழைப்பைக் கிழிக்கவும் மனமில்லை. நீ மேலாளருக்குப் போன் போட்டு, அத்தானுக்கு உடம்பு மோசம் என்று சொல்லி என்னை வெளியே எடுத்துவிடு. அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவருக்கு என் வணக்கம். கால் நீட்டிப் படுக்கும் அனைவரையும் ஆண்டவர் அப்படியே வைத்திருக்கட்டும்.

உன் தம்பி,
டுவைட்

பி.கு.: போன் போடாதே. உறையை ஒட்டுவதற்குள் யோலண்டா திருப்புளியோடு வந்தாள். "சாமான் அறைச் சுவரைக் கழட்டப்போறோம். தடுப்பீங்களா, பிடிப்பீங்களா?" பிடித்தேன். அந்தச் சுவரையே மேசையாகப் போட்டு நால்வரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். கெல்வின் தன் பங்கு பீச் பழத்தை என் பக்கம் தள்ளினான். இந்த வீடு ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "அப்போ நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று மேலாளர் கதவைத் திறந்தார். கழட்ட வேண்டிய சுவர் இன்னும் மூன்று இருக்கிறது; கதவை மூடச் சொல்லிவிட்டேன்.