கொள்ளுத்தாத்தாவின் உத்தியோகம்

"மூஷிக நிவாரணர்னா எலி பிடிக்கிறவர் சார்," என்றார் போனில் ஆவணக் காப்பகக் குமாஸ்தா.

கண்ணாடிக்கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பழைய நகரசபைப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு நேரே 'நிவாரணர்' என்று கண்டதுமே, முன்னால் இருந்த மூஷிகத்தை விட்டுவிட்டு, வருங்காலச் சம்பந்திக்கு போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருந்தார். சம்பந்தி லேசுப்பட்டவர் இல்லை. தன் கொள்ளுத்தாத்தா நகரசபைக் கணிதர் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவர்.

"நகல் ஒண்ணு எழுதிக் கேட்டிருந்தீங்களே, தபால்ல அனுப்பட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்! நானே வந்து வாங்கிக்கறேன்."

மறுநாள் காலையில் சம்பந்தியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நிவாரணர்னா என்ன வேலைங்க?"

"சுகாதார இலாகா," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"டாக்டரா!"

"அந்த மாதிரிதான்."

"எத்தனை உயிரைக் காப்பாத்தியிருப்பாரு!"

"உயிர் விஷயத்துல அவர் ரொம்பக் கறார்."

சம்பந்தி உருகிப்போனார். கல்யாணப் பத்திரிகையில் 'வைத்திய மாமணியின் எள்ளுப்பேத்தி' என்றே அடித்துவிடலாம் என்றார். மண்டபத்து வாசலில் படம் வைக்க வேண்டும் என்றார். கண்ணாடிக்கடைக்காரர் மென்று விழுங்கினார்.

காபி கொண்டுவந்த மகள் காதருகே குனிந்தாள். "அப்பா, பின்னாடி தெரிஞ்சா என் கல்யாணமே நின்னுடும்."

பெற்ற மனசு தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தபோது அழைப்புமணி அடித்தது.

வாசலில் காப்பகத்து பியூன், கையில் உறையோடு.

"நீங்க அலைய வேண்டாம்னு குமாஸ்தாவே குடுத்து அனுப்பினாருங்க. எலி பிடிச்ச பெரியவரோட பக்கம்."

கண்ணாடிக்கடைக்காரர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "என்னை மன்னிச்சிடுங்க. அவர் டாக்டர் இல்லை, எலி பிடிச்சவர். என் பொண்ணு மேல தப்பே இல்லை."

சம்பந்தி சுவரில் மாட்டியிருந்த காலண்டரை, அன்று என்ன கிழமை என்றே தெரியாதவர்போல, முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பியூன் எட்டிச் சம்பந்தியைப் பார்த்தார்.

"அட, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா சார்? போன வாரம் நீங்க அழிக்கச் சொல்லிக் கெஞ்சின வரியும் இதே பக்கத்துலதான் இருக்கு. இவரோட கொள்ளுத்தாத்தா பிடிச்ச எலிக்கெல்லாம் வாலை எண்ணின கணிதர் உங்க கொள்ளுத்தாத்தாதான்!"