இன்னும் ஓர் உருளை பார்த்துவிடுவோம்

தேர்ந்தெடுப்பவர் என்று ஒரு மனித இனம் இருக்கிறது. இவரை வாங்குபவரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் கடைக்குப் போவார், பொருளைப் புரட்டிப் பார்ப்பார், பேரம் பேசுவார், பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார், ஏமாந்துவிட்டோம் என்று இரண்டு நாள் புலம்பிவிட்டு அதே பொருளைப் பத்து வருடம் வைத்துப் புழங்குவார். தேர்ந்தெடுப்பவர் ஏமாறவே மாட்டார். ஏனென்றால் அவர் வாங்கவே மாட்டார்.

இவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறீர்களா? உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆனால் இந்த இனம் கொழுத்து வளர அந்தமானைப் போல ஒரு மண் கிடையாது. எங்களுக்கு ஆணியிலிருந்து அலமாரி வரை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆன்லைன் கடையில் தேடினாலோ, அது படத்தைக் காட்டி, நிறத்தைக் காட்டி, நாலு பேர் பாராட்டியதையும் காட்டிவிட்டு, பின்கோடைப் போட்டதும் 'இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது' என்று கையை விரித்துவிடும். சாதாரண மனிதனுக்கு இது வயிற்றெரிச்சல். தேர்ந்தெடுப்பவருக்கோ வரப்பிரசாதம். வந்து சேராத பொருளை எத்தனை மாதம் வேண்டுமானாலும் நிம்மதியாகத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா?

எனக்குத் தெரிந்த முதல்தர மாதிரி கோவிந்தராஜ். போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் பக்கம் அய்யூப் பாய் நடத்தும் லேபிள் அச்சகத்தில் அவர் டெக்னிக்கல் மேனேஜர். அதே அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவன். ஆகவே பக்கத்து மேஜையிலிருந்து பதினோரு மாதம் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அவரிடம் குடை கிடையாது. கம்பி எட்டா, பத்தா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை, நனைந்துகொண்டேதான் வருவார். அவர் மகள் இரண்டரை வயது வரை வெறும் பாப்பாவாகவே இருந்தாள். கடைசியில் அங்கன்வாடி டீச்சர் பொறுமை இழந்து பதிவேட்டில் தாமே ஒரு பெயரை எழுதிக்கொண்டார். அதுவே நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு அய்யூப் பாய் சொன்னார்: "கோவிந்த் சாப், லேபுக்கு ஒரு மை உருளை வேணும். நல்லதா ஒண்ணு செலக்ட் பண்ணுங்க."

யார் முன்னால் எந்தச் சொல்லைச் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

மை உருளை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். லேபிளை ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன், அந்த மை அந்தத் தாளில் என்ன நிறமாக விழும் என்று ஒரு துண்டில் பூசிப் பார்ப்பார்கள். எங்கள் சோதனை அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதற்கு மகாராணி தமிழரசி. முப்பது வயது, ரசாயனம் படித்தவள், கை நிறைய மை. அவள் விரலால் தொட்டுத்தான் பூசுவாள். விரல் ஒரு நாள் அழுத்தும், ஒரு நாள் அழுத்தாது. மை கனமாக விழுந்தால் ஒரு பச்சை, மெல்லியதாக விழுந்தால் வேறு பச்சை. அதற்குத்தான் இந்தக் கருவி. ஒரு கைப்பிடி, அதில் இரண்டு உருளைகள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத குழிகள் செதுக்கிய உலோகம், மற்றது ரப்பர். நாலு சொட்டு மை விட்டு ஓர் இழுப்பு இழுத்தால், அச்சு இயந்திரம் வைக்கிற அதே அளவு மையைச் சீராகப் பூசிவிடும்.

இது விளையாட்டு விஷயம் அல்ல. போர்ட் பிளேருக்கு வடக்கே ரங்கத் என்ற ஊரில் சொர்ணம்மா என்பவர் முப்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டி மெயின்லேண்டுக்கு அனுப்புகிறார். அவருடைய பாட்டில் லேபிளை நாங்கள் ஒரு தடவை வாழையிலைப் பச்சையில் அடித்தோம், மறுதடவை பாசிப் பச்சையில் அடித்தோம். சென்னைக் கடைக்காரர்கள் இது டூப்ளிகேட் சரக்கு என்று சொல்லி அவ்வளவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவையும் பச்சை பிசகினால் வேறு அச்சகம் பார்த்துக்கொள்வேன் என்று சொர்ணம்மா சொல்லிவிட்டுப் போனார். மற்ற வாடிக்கையாளர்கள் பச்சை என்றால் பச்சை, அவ்வளவுதான் என்று இருப்பவர்கள். அந்த ஒரு ஆர்டருக்காகத்தான் சோதனை அறையே நடந்துகொண்டிருந்தது. அது போனால் அறையும் போகும், தமிழரசியின் வேலையும் போகும்.

கோவிந்தராஜ் களத்தில் இறங்கினார். ரப்பர் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? இதுதான் முதல் கேள்வி. விடை தேடி அவர் கண்ணில் பட்ட ரப்பரையெல்லாம் கட்டை விரலால் அழுத்த ஆரம்பித்தார். பஸ் டயரை அழுத்தினார். பாராடாங் படகுத்துறையில் படகு இடிக்காமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் டயரை, படகு வந்துகொண்டிருக்கும்போதே குனிந்து அழுத்தி, துறைக்காரரிடம் இந்தியில் அர்ச்சனை வாங்கினார். அய்யூப் பாயின் செருப்பைக்கூட, அது பாயின் காலில் இருக்கும்போதே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அழுத்தினார். பிறகு கெட்டித்தன்மையை அளக்கத் தனியாக ஒரு மானி இருக்கிறது என்று கேள்விப்பட்டார். அந்த மானியில் மூன்று வகை. ஆகவே உருளையைத் தேர்ந்தெடுப்பது நின்று, மானியைத் தேர்ந்தெடுப்பது தொடங்கியது. அதைக் குறித்துவைக்க நல்ல நோட்டு ஒன்று வேண்டும். நோட்டு நீளவாக்கிலா, அகலவாக்கிலா?

"கோவிந்த் சாப், உருளை எது வரைக்கும் வந்திருக்கு?" என்று பாய் ஒரு நாள் கேட்டார்.

"நோட்டு வரைக்கும் வந்துட்டோம் பாய்."

பிறகு மூன்று கம்பெனிகளுக்கு எழுதி, அவரவர் உருளையால் ஒரே பச்சையைப் பூசிய மாதிரித் துண்டுகளை வரவழைத்தார். ஒன்று விமானத்தில் வந்தது. ஒன்று கப்பலில் ஏறி, புயல் எச்சரிக்கையால் ஒரு வாரம் துறைமுகத்தில் கிடந்து, நமுத்த அப்பளமாக வந்தது. மூன்றாவது வெங்காய மூட்டைக்கு அடியில் படுத்துக்கொண்டு வந்தது. மூன்றையும் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியும் கையுமாக மூன்று நாள் ஆராய்ந்தார். வெங்காயச் சருகு ஒட்டியிருந்த துண்டுக்கு 'மேற்பரப்பு நயம்' என்ற கட்டத்தில் இரண்டு மதிப்பெண் அதிகம் போட்டார்.

தமிழரசியால் பொறுக்க முடியவில்லை. "சார், இது உருளையோட வித்தியாசம் இல்ல சார். ஒண்ணு பிளேன்ல வந்துச்சு, ஒண்ணு கப்பல்ல ஊறிப்போய் வந்துச்சு. நீங்க கப்பலத்தான் செலக்ட் பண்ணிட்டு இருக்கீங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அடடா, பஹுத் அச்சா பாயிண்ட்! ஈரப்பதத்துக்குத் தனியா ஒரு கட்டம் போட்டுருவோம்."

இந்த இனத்தாரோடு வாதாடாதீர்கள். நீங்கள் ஓர் ஆட்சேபம் சொன்னால் அவர் நோட்டில் ஒரு கட்டம் கூடும். அவ்வளவுதான் நடக்கும்.

பதினோராவது மாதம் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அவருடைய கடிதங்களைத் தாங்க முடியாத ஒரு கம்பெனி, நிஜமான உருளை ஒன்றையே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டது. பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் கேள்வி மட்டும் அனுப்பாதீர்கள் என்று கூடவே ஒரு சீட்டு. தமிழரசி கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். கோவிந்தராஜ் பெட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் தொடாதீங்க! மத்த ரெண்டு கம்பெனி உருளையும் வர்றதுக்கு முந்தி இதத் தொறந்தா, கண்ணு இதுக்குப் பழகிரும். அப்புறம் நடுநிலைமை போயிரும்."

"பதினஞ்சு நாள்தான் சார் குடுத்திருக்காங்க."

"அதனாலதான் சொல்றேன். இன்னும் ஒண்ணு பார்த்துருவோம்."

பெட்டியைச் சுற்றித் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அலமாரி மேல் ஏற்றினார். பெட்டியில் அச்சிட்டிருந்த உருளையின் படம் அழகாக இருந்ததால், அது மனசை மயக்கிவிடக்கூடும் என்று மேலே ஒரு துண்டும் போர்த்தினார். பதின்மூன்று நாட்கள் நாங்கள் அந்தப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

பதினான்காம் நாள் மத்தியானம் சொர்ணம்மா வந்தார். விடிவதற்கு முன் ரங்கத்தில் பஸ் ஏறி, பாராடாங்கில் படகு மாறி, காட்டு வழியில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்துக் கிடந்து வந்தவர். கையில் பழைய லேபிள் ஒட்டிய ஒரு பாட்டில். நாலு நாளில் சென்னைக் கப்பல். எண்ணெய்ப் பாட்டில்களெல்லாம் லேபிள் இல்லாமல் மொட்டையாகப் பெட்டிகளில் நிற்கின்றன.

"பச்சையக் காட்டுங்க சார். நான் சரின்னா அடிங்க, இல்லேன்னா விட்டுருங்க."

"உருளை தேர்வுல இருக்கும்மா."

"அது எங்க இருக்கு?"

கோவிந்தராஜ் துண்டு போர்த்திய பெட்டியைக் காட்டினார்.

"அதத் தொறந்தா என்ன?"

நடுநிலைமை என்றால் என்ன என்பதை அவர் அரைமணி நேரம் விளக்கினார். சொர்ணம்மா ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். கேட்டு முடித்து, "அப்ப நான் வேணா கண்ண மூடிக்கிறேங்க. நீங்க தொறங்க" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். கோவிந்தராஜ் அதை ஆழமாக யோசித்தார். வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டால் நடுநிலைமை எவ்வளவு தூரம் காப்பாற்றப்படும் என்று மற்ற இரண்டு கம்பெனிகளிடமும் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடிக்குப் போனார்.

தமிழரசி என்னைப் பார்த்தாள். "சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். தொறக்கட்டுமா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "அவர் வந்துடட்டுமேம்மா" என்றேன்.

அவள் நாற்காலி போட்டு ஏறினாள். கத்தரிக்கோல் ஒரே கீறலில் கையெழுத்தை இரண்டாக்கியது. நாலு சொட்டு மை, ஓர் இழுப்பு. பதினோரு மாதம் காத்திருந்த காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சொர்ணம்மா மை பூசிய அந்தத் தாள் துண்டைப் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஜன்னலண்டை போய்ப் பார்த்தார். வெயிலில் இறங்கிப் பார்த்தார். திரும்பி வந்து தமிழரசியின் மை படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதான் தங்கச்சி என் பச்ச" என்றார். ஒரு நிறத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கோவிந்தராஜ் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக உட்கார்ந்து நோட்டைத் திறந்து, "இது செல்லாது" என்றார். தேர்வு முடியாத கருவி போட்ட பச்சையில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் இயந்திரம் ஓடாது. விஷயம் கேட்டு வந்த அய்யூப் பாய் தலையைச் சொறிந்தார். "டெக்னிக்கல் விஷயம். க்யா கரேன், நான் என்ன பண்றது?" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு பாய்" என்றேன்.

சொர்ணம்மா யாரோடும் சண்டை போடவில்லை. பச்சைத் துண்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டார். "பக்காவா இருக்கும்மா. இதக் காட்டுனா மெயின்லேண்ட்ல யார் வேணாலும் அடிச்சுக் குடுப்பாங்க" என்று தமிழரசியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். துண்டு மறுநாள் விமானத்தில் சென்னைக்குப் போனது. எண்ணெய் கப்பலில் போய்ச் சேருவதற்குள் லேபிள் அங்கே தயாராகிவிட்டது. எங்கள் சோதனை அறை போட்ட பச்சைகளிலேயே மிகச் சிறந்த பச்சை, வேறொரு அச்சகத்தின் லேபிளாகக் கடை கடையாக நிற்கிறது.

பதினைந்தாம் நாள் கோவிந்தராஜ் உருளையைத் துடைத்துக் கட்டித் திருப்பி அனுப்பினார். 'பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் தங்கள் உருளை போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது' என்று ஒரு கடிதமும் வைத்தார். அந்த மாதக் கடைசியில் சோதனை அறையைக் காலி செய்து, அவருடைய நோட்டுகளையும் மாதிரித் துண்டுகளையும் அங்கே அடுக்கினார்கள். தமிழரசியைப் பார்சல் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். ஆர்டர் போனதில் கோவிந்தராஜுக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் டீக்கடையில் என்னிடம் ரகசியமாக ஒன்று சொன்னார்: "ஒரு விதத்துல நல்லதுதான். இனி அவசரம் இல்ல பாருங்க. நிதானமா செலக்ட் பண்ணலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் நோட்டில் கட்டம் போட்டுத் தள்ளிப்போட்டதைத்தானே நான் வாயால் தள்ளிப்போட்டேன்?

நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், கோவிந்தராஜ் சிரிக்கத் தக்கவர்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், சட்டென்று பதில் சொல்லுங்கள். தமிழரசி அந்தப் பெட்டியைத் திறந்தது சரியா, தப்பா? அவசரப்பட்டு எப்படிச் சொல்வது, மேனேஜர் தரப்பையும் கேட்க வேண்டாமா, நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதே என்று தோன்றுகிறதா? தோன்றினால் தப்பில்லை. நல்லவர்களுக்கெல்லாம் அப்படித்தான் தோன்றும். நிதானமாக யோசியுங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவள் இன்னும் நாலு பார்சல் கட்டியிருப்பாள்.