அடிக்குறிப்பு சாரும் செல்வி அக்காவின் அடுப்பும்

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு அதோடு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் நேராக வந்து என் எதிர் மேஜையில் உட்கார்ந்தார். பெயர் என்னமோ நீளமாக இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் அடிக்குறிப்பு சார்.

சில வருஷங்களுக்கு முன் மும்பையில் சுற்றுச்சூழலைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் நான் செக்‌ஷன் ஆபீசர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இப்போது பென்ஷனில் இருக்கிறேன். அங்கே திடீரென்று ஒரு திட்டம் வந்தது. கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பவர்களை ஃபெலோஷிப் கொடுத்து ஒரு வருஷம் எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் போடும் விதிகள் ஜனங்களை என்ன பாடு படுத்தும் என்று அவர்கள் ஜனங்களிடமே கேட்டு வந்து சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

முதல் நாள் கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தேன்.

"காபி நன்னா இருக்கா சார்?"

"நல்லா இருக்கு மேடம்." வலது கை ஆள்காட்டி விரல் மெதுவாகத் தரையை நோக்கித் திரும்பியது. "ஒரு அடிக்குறிப்பு. நான் சொன்னது முதல் பாதிய மட்டும்தான். ரெண்டாவது பாதியில சர்க்கரை கரையல. தவிர, நேருள்லேருந்து ட்ரெயின்ல நின்னுட்டே வந்தவனுக்கு எந்தக் காபியும் நல்லாத்தான் இருக்கும்."

அன்றிலிருந்து அந்த விரல் கீழே போனாலே பியூன் வரைக்கும் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வோம். ஒருமுறை மான்குர்தில் ஏறிய டிக்கெட் செக்கர் அவரிடம் பாஸ் கேட்டாராம். "ஹை, லேகின்..." (இருக்கு, ஆனால்...) என்று ஆரம்பித்திருக்கிறார் சார். பாஸ் செல்லும், ஆனால் அதிலிருக்கும் படம் மீசை வைத்திருந்த காலத்தது, அந்த மீசையை எடுத்ததற்கும் ஒரு பின்னணி உண்டு. குர்லா வருவதற்குள் செக்கர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

கையில் எப்போதும் ஒரு பச்சை நோட்டு. ஜனங்களிடம் கேட்கத் தாராவிக் குடிசைகளுக்குப் போகாத நாட்களில் எங்களையே பார்த்துப் பார்த்து அதில் எழுதுவார்.

"என்ன சார் எழுதறேள்?"

"களப்பணி மேடம்."

"களம் தாராவியிலன்னா இருக்கு?"

"அது ஒரு களம். இது இன்னொண்ணு."

லஞ்ச் டப்பாவை யார் முதலில் திறக்கிறார்கள் என்பதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புகை விதி வந்தது. நெருக்கமான குடியிருப்புகளில் விறகு எரிக்கும் தொழில் அடுப்புகளை மழைக்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. "நேர்ல ஒரு தரம் பாருங்களேன்" என்று சார் என்னைத் தாராவிக்கு இழுத்துக்கொண்டு போனார். செம்பூரில் பிறந்து வளர்ந்த நான் அதுவரை தாராவியை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவள்.

ஒரே அறை. பழைய பெட்டிப் பலகை எரியும் அடுப்பு. அதன் முன்னால் திருநெல்வேலிப் பக்கத்துச் செல்வி அக்கா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கிடந்த முறுக்கைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசிச் சுற்றின் வாலை உள்ளே மடித்து ஒட்டியிருந்தது. மாட்டுங்கா கடையில் வருஷா வருஷம் வாங்கி, நானே சுட்டதாகச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பும் அதே முறுக்கு!

சார் விதியைப் பற்றிச் சொன்னார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"புகை கெடுதல்னு எனக்குத் தெரியாதா சார்? என் கண்ணுதான எரியுது? காஸ் குடுக்கச் சொல்லுங்க, இந்த அடுப்ப நானே ஒடைச்சுப் போடுதேன். ரூம் பேப்பர்ல என் பேரு இல்லன்னு காஸும் தர மாட்டேங்காவ. அடுப்பையும் எடுத்துட்டா நான் எதுல சுட?"

"அடுப்பு போயிட்டா என்ன செய்வீங்கக்கா?"

"ரெண்டு பிள்ளையளயும் படிப்ப நிறுத்திக் கூட்டிட்டு ஊருக்குப் போவணும். வேற என்ன செய்ய?"

திரும்பி வரும்போது சாரின் விரல் ஒருமுறைகூடக் கீழே போகவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

அவர் எழுதிய அறிக்கையை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. எங்கள் தலைமை அதிகாரி சாஹேப் அதைத் திறக்கவே இல்லை. "புரொபசர், ஏக் பேஜ். பஸ்" என்றார், ஒரே பக்கம் போதுமாம். நானும் சாரும் உட்கார்ந்து அதை ஆறு பாராவாகச் சுருக்கினோம். நாலாவது பாரா செல்வி அக்காவைப் போன்றவர்களுக்கான விலக்கு. இத்தனையையும் வெட்டும்போது அவர் சண்டை போடாதது எனக்கு ஆச்சரியம்.

எங்கள் மீட்டிங்குக்கு ஒரு முறை உண்டு. நான் பாரா எண்ணைச் சொல்லிப் படிப்பேன். எல்லோரும் தலையாட்டினால் ஒப்புதல், இல்லாவிட்டால் அடித்துவிடுவோம். முதல் மூன்றும் சுகமாகப் போயின. நாலாவதைப் படித்ததும் ஓர் அதிகாரி, "இதைச் சாக்கு வைத்து ஹோட்டல்காரன் எல்லாம் அடுப்பு மூட்டுவான்" என்றார். அடித்தாயிற்று. சார் வாயே திறக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காபிக்கு அத்தனை விளக்கம் சொன்ன மனுஷனுக்கு இப்போது என்ன வந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று அவரோடு நான் பேசவில்லை.

மறுநாள் கையெழுத்துக்கு அனுப்ப ஃபைலைத் திறந்தேன். இரண்டாவது பாராவில் 'அடுப்பு' என்ற சொல்லின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரம். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இப்படி இருந்தது: 'வீட்டுக்குள் பலகாரம் செய்து பிழைப்பவர்களின் அடுப்பு, அவர்களுக்கு எரிவாயு இணைப்பு கிடைக்கும் வரை, இதில் சேராது.'

"சார்! இதை எப்போ சேர்த்தேள்?"

"முதல் நாள்லேருந்தே அங்கதான் இருக்கு மேடம். எல்லார் கையிலயும் நகல் இருந்துச்சு. நம்பர் இல்லாததை உங்க மீட்டிங்ல யாரும் படிக்கறதும் இல்ல, அடிக்கறதும் இல்ல. மூணாவது மாசமே நோட்டுல எழுதி வெச்சேன்."

பச்சை நோட்டின் மேல் எனக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது. சாஹேப் அந்தப் பக்கத்தின் அடிவரைக்கும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் செல்வி அக்காவுக்குக் காஸ் வந்தது. சொன்னபடியே பழைய அடுப்பைத் தன் கையால் உடைத்தாராம். பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். இப்போதெல்லாம் முறுக்கை அவரிடமே நேரில் போய் வாங்குகிறேன். சம்பந்தியிடமும் உண்மையைச் சொல்லியாயிற்று.

சாரின் ஃபெலோஷிப் முடிந்த அன்று வாசல் வரை கூடப் போனேன். "எங்க ஆபீஸ் பிடிச்சிருந்ததா சார்?"

"ரொம்பப் பிடிச்சிருந்தது மேடம்."

விரல் கீழே போகும் என்று காத்திருந்தேன். அது அசையவே இல்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். இதற்கு அடிக்குறிப்பு கிடையாது.