பதினெட்டுப் பேர், ஒரே பெட்டி

ஒன்றை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான் தனியாகச் செய்து முடித்த முதல் காரியம், வேறு யாரோ செய்துவைத்ததை எடுத்து ஒட்டியது. அதையும் தப்பாக ஒட்டினேன்.

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நாலு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி எங்களுடையது. பந்தலூர் பக்கம் ஒரு கல்லூரிக்குக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வருகிறது, கடைசி வருஷ மாணவிகளுக்குக் கம்ப்யூட்டரிலேயே பரீட்சை வைக்க ஒரு வலைத்தளம் வேண்டும் என்றார் முதலாளி. புரோகிராம் எழுதக் கோடு எடிட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. வரிக்கு எண் போடும், சொல்லுக்கு வண்ணம் கொடுக்கும், தப்பாக எழுதினால் அடியில் சிவப்பாக நெளியும். யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதை எங்கள் பக்கத்தில் பொருத்துவதுதான் என் வேலை.

"சும்மா பொருத்தி உட்ரு தம்பி. வேற எதையும் நோண்டிப் போடாத" என்றார்.

நோண்டினேன். (அந்த வயதில் ‘நோண்டாதே’ என்பது எனக்கு அழைப்பிதழ்.) எடிட்டரோடு ‘சேர்ந்து எழுதும் வசதி’ என்று ஒன்று இருந்தது. வெவ்வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பல பேர் ஒரே பக்கத்தில் எழுதலாம். ஆளுக்கொரு நிறத்தில் கர்சர் ஓடும். முதலாளி அசந்துபோவார் என்று அதையும் சேர்த்தேன். அது பக்கத்துக்கு ஒரு பெயர் கேட்டது. ‘டெஸ்ட்’ என்று கொடுத்தேன். ஒவ்வொரு மாணவிக்கும் தனிப் பெயர் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. அலுவலகத்தில் நான் ஒருவனே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். அற்புதமாக வேலை செய்தது.

பரீட்சையன்று முதல் பஸ் பிடித்துப் போய், கல்லூரி ஆய்வகத்தில் என் லேப்டாப்பை இணைத்து வைத்தேன். பதினெட்டுப் பெண்கள். பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ தேயிலை எஸ்டேட்டில் வேலை. அவர்களுடைய ஆசிரியை மேரி மிஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒரு கம்பெனி இந்தக் காலேஜுக்கு ஆள் எடுக்க வர்றது இதுதான் முதல் தடவைங்க சார். இதுக்காக ரெண்டு வருஷமா நடையா நடந்திருக்கேன். சொதப்பிடுச்சுன்னா மறுபடி மலையேற மாட்டாங்க."

"கவலையே படாதீங்க மிஸ்" என்றேன், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மேடம் ஆளுக்கு ஒரு வேறு கேள்வியாகச் சீட்டுக் கொடுத்தார். "மூணு மணிக்கெல்லாம் நான் கெளம்பிரணுங்க. ஆரம்பிங்க" என்றார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சார், நான் தட்டாமலே எழுதுது!"

"சார், என் பேரை யாரோ அழிக்கிறாங்க!"

"ஏய், யாருடி என் வரிக்குள்ள வர்றது?"

எட்டிப் பார்த்தேன். பதினெட்டுத் திரையிலும் ஒரே பக்கம். சர்க்கரை கொட்டிய இடத்தில் எறும்பு மொய்க்கிற மாதிரி பதினெட்டு நிறத்தில் கர்சர்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையை மாற்றி நிமிர்ந்திருப்பேன். "எல்லாரும் கையை எடுங்க!" என்று கத்திவிட்டு, என் லேப்டாப்பில் ‘அழி’ பொத்தானை அழுத்தினேன். எல்லாருக்கும் எல்லாமும் போயிற்று. கடைசி வரிசையில் ஒரு பெண் அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் விடாப்பிடியாகப் பன்னிரண்டு வரி எழுதியிருந்தாள். அதுவும் போயிற்று.

(நோட்பேடைத் திறந்து எழுதச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்தக் கதையைக் கேட்ட எல்லாரும் கேட்கிறார்கள். அன்று எனக்கு என் பெயரே சட்டென்று ஞாபகம் வந்திருக்காது.)

"ஏனுங்க, இது ஆகுமா, ஆகாதா?" என்றார் மேடம்.

"நெட்வொர்க் பிரச்சனைங்க மேடம்." (எங்கள் தொழிலில் எல்லாப் பாவமும் அதன் தலையில்தான் விழும்.)

"இது உங்க லேப்டாப்புல இருந்துதானுங்களே ஓடுது?"

மேடம் கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். மேரி மிஸ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அந்தப் பன்னிரண்டு வரிப் பெண் எழுந்தாள். கௌசல்யா என்று பெயர்.

"சார், எல்லாருக்கும் ஒரே பக்கம் வருது. அவ்ளோதானே பிரச்சனை?"

"ஆ... ஆமா."

"அப்ப நெரை பிரிச்சிக்கலாம் சார்."

எஸ்டேட்டில் காலையில் கொழுந்து எடுக்கப் போனதும் ஆளுக்கு இத்தனை வரிசைச் செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் நிரை. ஒருவர் நிரையில் இன்னொருவர் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் அன்றைக்குச் சண்டைதான்.

"எங்கம்மா நாப்பது பேரோட ஒரே மலையில நிக்குது சார். யாரும் யாரையும் முட்டிக்கிறதில்ல" என்றவள் தோழிகள் பக்கம் திரும்பினாள். "பேரை எழுதிட்டு அதுக்குக் கீழ அவங்கவங்க எழுதுங்க. மேல வரி கூடுனா நம்ம வரி கீழ எறங்கும். பதறாதீங்க, கர்சரும் கூடவே எறங்குது, நான் பாத்தேன். அழிக்கிறதா இருந்தா ஒவ்வொரு எழுத்தா அழிங்க. மொத்தமா யாரும் அழிக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவளே பெயர் கூப்பிட்டு இடம் பிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் பதினெட்டுப் பெயர்களும் வரிசையாக நின்றன. அப்புறம்தான் உட்கார்ந்து தன் பன்னிரண்டு வரியை முதலிலிருந்து எழுதினாள். மேடம் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று பார்த்தார். நடுவில் ஒரே ஒரு தடவை "ஏய், அது என் நெரை!" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

எல்லாரும் முடித்ததும் மேடம் சொன்னார்: "புரோகிராம் எழுத நாங்க சொல்லிக் குடுத்துக்குவோமுங்க மிஸ். ஒருத்தர் வேலையை ஒருத்தர் கெடுக்காம எழுதறதுக்கு எங்க ஆபீசுலயே பாதிப் பேருக்கு வராது."

இரண்டு பேரை எடுக்க வந்தவர் ஐந்து பேரை எடுத்தார். முதல் பெயர் கௌசல்யா. மேரி மிஸ் என்னை வழியனுப்பும்போது, "நீங்க ஒழுங்காப் பண்ணியிருந்தா ரெண்டு பேரோட போயிருக்குங்க சார்" என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் கூடலூர் தாண்டியபோது, பதினெட்டுப் பேர் பக்கத்துக்கும் நான் வைத்திருந்த ஒரே பெயர் ‘டெஸ்ட்’ ஞாபகம் வந்தது. முன்சீட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து எங்கள் பேக்கரி மாடிக் கம்பெனி மூடப்பட்டது. மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது என்பதால் அந்தச் சும்மா மிகவும் கனத்தது. அதே கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். வீட்டிலிருந்தபடியே வீடியோவில் நேர்முகத் தேர்வு. திரையில் வந்து உட்கார்ந்தது கௌசல்யா.

"நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு ஒரு கோடு எடிட்டரைத் திறந்து காட்டினாள். என் விரல்கள் விறைத்துவிட்டன. ஒரு எழுத்துகூடத் தட்ட முடியவில்லை. அதைப் பார்த்து அவள் மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாதீங்க சார். இதுல நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

சிரித்துவிட்டேன். விரல் தானாக இறங்கிற்று. வேலை கிடைத்தது. இன்றைக்கு நான் எழுதுவது எதுவும் அவள் படித்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போகிறது. அன்று ஆய்வகத்தில் அவள் என்னைக் கேவலப்படுத்தியிருக்கலாம். அந்த வீடியோவிலும் ஒருமுறை செய்திருக்கலாம். இரண்டு தடவையும் இடம்தான் கொடுத்தாள். நான் சாப்பிடும் சோறு அவள் தயவு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்த நேர்முகத் தேர்வின்போது தேநீர் கொண்டுவந்த என் மனைவி, கதவருகில் நின்று கௌசல்யா சொன்ன அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். அதிலிருந்து கோத்தகிரியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவள் கிளம்பும்போதெல்லாம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள்:

"பயப்படாதீங்க. ஊட்டுல நீங்க மட்டும்தான் இருக்கீங்க. எதையும் நோண்டாம இருங்க."